துகையல் அரைக்காத நாள்

கோதாவுக்குப் பயப்படுவதே ஒரு வேலை. அதற்குச் சம்பளம் மட்டும் கிடையாது. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். கேஸை மூடியாயிற்றா என்று பார்த்துவிட்டு வந்து, பார்த்தது நிஜம்தானா என்று மறுபடி போய்ப் பார்ப்பாள். ஸ்ரீரங்கத்தில் அவர்கள் வீதியில் அவளைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. ஆனால் துவாக்குடிப் பக்கம் அவள் வேலை பார்க்கும் சின்ன மென்பொருள் கம்பெனியில் அதே குணத்துக்குத் தனி மரியாதை. "கோதா மேடம் பாத்துட்டாங்களா? அப்ப அனுப்பிடலாம்" என்பார்கள்.

அந்தக் கம்பெனி தயாரிப்பது ஒரு நிரல் தொகுப்பு. ஆபீஸில் அதை லைப்ரரி என்பார்கள். ஆம்புலன்ஸ் அனுப்பும் நிலையங்கள் அதை எடுத்துத் தங்கள் மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளும். யாராவது உதவிக்குக் கூப்பிட்டால், எந்த வண்டி சீக்கிரம் போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அதன் வேலை. கண் மூடித் திறப்பதற்குள் சொல்ல வேண்டும். புதிதாக அனுப்பிய பதிப்போ யோசித்து யோசித்துச் சொல்கிறது என்று புகார் வந்துவிட்டது. எந்த மாற்றத்தால் வேகம் போனது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு, வேறு யாரிடம் போகும், கோதாவிடம் வந்தது.

பழைய பதிப்புக்கும் புதியதற்கும் நடுவே நாலைந்து பேர் செய்த மாற்றங்கள் ஏராளம். அந்த வரிசையை நடுவில் பிரித்து, அதுவரைக்குமான நிரலை ஓட்டி நேரம் பார்க்க வேண்டும். மெதுவாக ஓடினால் கோளாறு முன்பாதியில் இருக்கிறது, வேகமாக ஓடினால் பின்பாதியில். அந்தப் பாதியை மறுபடி பிரிக்க வேண்டும். ஒரே ஒரு மாற்றம் மிஞ்சும்வரை இதே கதைதான். எல்லா அளவும் ஒரே இயந்திரத்தில் எடுத்தால்தான் நியாயம் என்பது கோதா போட்ட சட்டம். பாதி நாள் அவள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால், அதற்கென்றே ஒரு பழைய லேப்டாப் வீட்டில் அவள் அறை மூலையில் எப்போதும் மூடியபடி ஓடிக்கொண்டிருக்கும். தன் மேஜையிலிருந்தே அதற்குக் கட்டளை அனுப்புவாள்.

புதன்கிழமை முழுக்க இதுதான் வேலை. காலையில் பிரித்துப் பார்த்தபோது வேகமாக ஓடியது. அப்புறம் எங்கே பிரித்தாலும் மெதுவாகவே ஓடியது. வரிசை சுருங்கிச் சுருங்கி, கடைசியில் மிஞ்சியது ஜாவித் செய்த மாற்றம்.

ஜாவித் ஆழ்வார்தோப்புப் பையன். சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. வேலை நிரந்தரமா இல்லையா என்பது அந்த வாரம் தெரிய வேண்டும். வீட்டில் சம்பாதிக்கிறவன் அவன் ஒருவன்தான். கோதாவை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவான். அவனாக இருக்கக் கூடாதே என்று அவளுக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதனாலேயே உடனே இன்னொரு முறை அளந்தாள். அதே பதில்தான். வேறு வழியில்லாமல் முதலாளி அனுசுயாவுக்கும் ஜாவித்துக்கும் சேர்த்துத் தகவல் அனுப்பினாள்.

"சரிக்கா, எடுத்துடறேன்" என்று மட்டும் ஜாவித் பதில் போட்டான். அனுசுயா போனில் கூப்பிட்டாள்.

"ஏற்கனவே ரெண்டு தப்பு பண்ணிட்டான், கோதா. நாளைக்கு சாயங்காலம் அவனைக் கூப்பிட்டுச் சொல்லிடறேன். வேற ஆளைப் பாத்துக்கலாம்."

கோதா போனை வைத்துவிட்டு, ஜாவித்துக்கு ஏதோ எழுதி எழுதி அழித்தாள்.

வியாழக்கிழமை காலை, புதிய பதிப்பிலிருந்து ஜாவித்தின் மாற்றத்தை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டினாள். வேகம் திரும்பவில்லை. நேற்று மெதுவாக ஓடி மாட்டிக்கொண்ட அதே நிரலை, ஜாவித்தின் மாற்றம் வரைக்குமானதை, மறுபடி ஓட்டினாள். அது பிய்த்துக்கொண்டு ஓடியது. அதே இயந்திரம், அதே நிரல். நேற்று மெதுவாக ஓடியது இன்று எப்படி வேகமாக ஓடும்? மூலை லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்தாள். ஜுரம் வந்த குழந்தையைத் தொடுகிற மாதிரி நெற்றிப் பக்கம் தொட்டதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அவள் கணவர் லக்ஷ்மிகாந்த் மாலைநேரக் கல்லூரியில் கணக்கு எடுக்கிறவர். காலைச் சமையல் அவர் பொறுப்பு. ரசத்தை அவர்கள் வீட்டில் சாத்தமுது என்பார்கள். சாத்தமுது சாதத்தோடு பருப்புத் துகையலையும் தட்டில் வைத்தார்.

"நேத்திக்கே அரைச்சிருக்கணும். பருப்பெல்லாம் வறுத்து வெச்சுட்டேன், மிக்ஸி ஓடலை. அதான் அப்பளத்தைப் பொரிச்சுப் போட்டேன்."

"ஏன் ஓடலை?"

"கரண்ட் ஏது? பராமரிப்புன்னு பத்து மணிக்கு நிறுத்தினவன் சாயங்காலம்தானே விட்டான். உனக்குத் தெரியாதா?"

தெரியாது. இன்வெர்ட்டர் வாங்கியதிலிருந்து அந்த வீட்டில் கரண்ட் போவதே யாருக்கும் தெரிவதில்லை. தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, மேஜை லேப்டாப் ஓடியது. ஆனால் மிக்ஸியைப் போலவே மூலையில் இருக்கும் பிளக்குக்கும் இன்வெர்ட்டர் இணைப்பு கிடையாது. மூடிக் கிடந்த பழைய லேப்டாப் பேட்டரிக்கு மாறி, அதை மிச்சம் பிடிக்கத் தானாகவே நடையைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. பத்து மணிக்கு அப்புறம் எதை ஓட்டினாலும் அது மெதுவாகத்தான் ஓடியிருக்கும். இரண்டாம் முறை அளந்தாளே, அப்போதும் கரண்ட் இல்லை.

கோதா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தாள். ஜாவித்தைக் கூப்பிட்டாள், போன் அணைந்திருந்தது. அனுசுயா எடுக்கவில்லை. முதலிலிருந்து மறுபடி பிரிக்க ஆரம்பித்தாள்.

"கரண்ட் இருக்கான்னு பாருங்கோ" என்று அறையிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

"இருக்கு."

"மிக்ஸியை ஓட்டிக் காட்டுங்கோ."

லக்ஷ்மிகாந்த் காலி ஜாரை ஓட்டினார். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு முறை ஓட்டினார். பக்கத்து வீட்டில் என்ன நினைத்துக்கொண்டார்களோ.

இந்த முறை வரிசை வேறு பக்கம் திரும்பியது. சுருங்கிக்கொண்டே வந்து ஒரு மாற்றத்தில் நின்றது. அதைச் செய்தவர் பெயரைக் கோதா இரண்டு முறை படித்தாள். அவள் பெயர்தான்.

போன மாதம் யாரும் கேட்காமலேயே அவள் சேர்த்த வரிகள் அவை. ஒரு வண்டி இருக்கும் இடம் சரிதானா என்று நிரல் முன்பே ஒரு தரம் பார்த்துவிடும். அது போதாது என்று, இரண்டு வண்டிகளை ஒப்பிடும்போதெல்லாம் எல்லா வண்டிகளையும் இன்னொரு தரம் பார்க்கச் சொல்லியிருந்தாள். கேஸையும் பூட்டையும் பார்த்த கை, அங்கேயும் போய்த் தன் வேலையைக் காட்டியிருக்கிறது.

புடவையை மாற்றக்கூடத் தோன்றாமல் கிளம்பினாள். சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கித் துவாக்குடி பஸ்ஸைப் பிடித்து, நின்றுகொண்டே போனாள். பால்பண்ணை ஸ்டாப் அருகே வண்டிகள் நகராமல் நின்றபோது அழுகை வந்தது. அனுசுயா ஜாவித்திடம் சொல்லி முடித்திருப்பாளோ என்ற ஒரே நினைப்புதான். வீட்டைப் பூட்டினோமா என்று அன்றைக்கு ஒரு தரம்கூட நினைக்கவில்லை.

அனுசுயாவின் அறையில் ஜாவித் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். கோதா கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

"மேடம், ஜாவித் பண்ணினதுல தப்பே இல்ல. நேத்து எங்காத்துல கரண்ட் இல்ல, அது தெரியாம அளந்துட்டேன். மெதுவாக்கினது நான்தான். நான் போட்ட சோதனைதான்."

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். மிக்ஸியைக்கூட விடவில்லை. அனுசுயா சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு ஜாவித்தைப் பார்த்தாள்.

"நல்லவேளை, நான் இன்னும் வாயத் தொறக்கல. நீ உன் மாத்தத்தத் திரும்பப் போட்டுடு, ஜாவித். மத்ததெல்லாம் அடுத்த வாரம் பேசிக்கலாம், நல்லதாத்தான் பேசுவேன்" என்றாள். பிறகு, "அது சரி, உன் நிரல்தானே? தப்பு உன்னுதுன்னு சொன்னதும் நீ ஏன் ஒரு தடவ ஓட்டிப் பாக்கல? வாயத் தொறந்து கேட்டிருக்கலாமே" என்று கேட்டாள்.

ஜாவித் கோதாவை நிமிர்ந்து பார்த்தான். நேற்று ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள்.

"வேலை போயிடுச்சுன்னு அம்மாட்ட சொல்லிட்டேன், மேடம். அக்கா எதையும் ரெண்டு தடவ பாப்பாங்க. அதனால நான் ஒரு தடவகூடப் பாக்கல."

கோதாவுக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. அவன் எழுந்து தன் நாற்காலியை அவளுக்கு நகர்த்திக் கொடுத்தான்.