நலமானவர் பட்டியலில் ஜெபமணி அக்கா

ஜெபமணி அக்காவின் மகள் போன் செய்தபோது, குமுளியில் எங்கள் லேபில் ரத்தம் கொடுக்க ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள அம்மா போயிட்டாங்க சித்தி. ஹார்ட்டுன்னு சொல்றாங்க" என்றாள். அன்று காலைதான் அக்கா என்னிடம் பேசியிருந்தார். என்ன பேசினார் என்பதை, அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் கூடியிருந்த உங்கள் யாரிடமும் நான் சொல்லவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

பதினோரு வருடம் நாங்கள் ஒரே மேசையில் ரத்தம் எடுத்தோம். கடைசி இரண்டு வருடம் ஒரு டாக்டரின் ஆராய்ச்சிக்காகவும் எடுத்தோம். காரணமே இல்லாமல் திடீரென்று நெஞ்சு படபடத்து, இதோ சாகப்போகிறோம் என்று நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? அவர்கள் ரத்தத்தில், செல்களை அரிக்கும் ஆக்சிஜனேற்றத்தின் தடயம் மற்றவர்களைவிடக் கூடுதலா என்று பார்க்கும் ஆராய்ச்சி. வெறும் வயிற்றில் வரச் சொன்னால், ஏலத்தோட்டத்துச் சனம் கட்டன் சாயா குடித்துவிட்டுத்தான் ஜீப் ஏறும். பாலில்லாத சாயா அவர்களுக்கு ஆகாரமே இல்லை. தேயிலை அந்த அளவுகளை மாற்றிவிடக்கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா விடுவாரா? "கட்டன் உள்ள போச்சா இல்லையா, அத மட்டும் சொல்லு" என்று கேட்டு, போயிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். வசவு வாங்குவது நான்.

அப்படிப்பட்டவர் ஒரு பொய் சொன்னார். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த நோயில்லாதவர்கள் பட்டியலில் ஓர் ஆள் குறைந்தபோது, தன் கையை நீட்டினார். இப்படிப் பயம் வந்ததுண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். முடிவு வந்தபோது அவருடைய அளவு நோயாளிகளின் அளவோடு போய் நின்றது. ஒரே ஒருவர் ரத்தத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாதுதான். ஆனாலும் குழாயை மாற்றிவிட்டாயா என்று டாக்டர் என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டார்.

"அவ மாத்தல சார். நான்தான் கள்ளம் சொன்னேன். எனக்கு மூணு வருஷமா இருக்கு. ஊசி பிடிக்கிறவளுக்கே இப்படின்னு தெரிஞ்சா எவ கைய நீட்டுவா?"

அதன்பிறகு அந்தப் பயம் வரும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவார். மூச்சை மெதுவாக விட்டு எண்ணச் சொல்வேன். கால் மணி நேரத்தில் தெளிந்துவிடுவார். இரண்டு முறை ஈ.சி.ஜி. எடுத்ததில் ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. பாவி நான், அதோடு பெரிய டாக்டராகிவிட்டேன்.

அன்று அவருக்கு விடுமுறை. காலை எட்டு மணிக்கு வீட்டிலிருந்து கூப்பிட்டு, "நெஞ்சப் பிடிக்குதுடி. இது வேற மாதிரி இருக்கு" என்றார். வேறு மாதிரி என்றது என் காதில் நன்றாக விழுந்தது. ஆட்கள் காத்திருந்தார்கள். "எப்பவும் அப்படித்தான்க்கா தோணும், எண்ணுங்க" என்றேன்.

"சரிடி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வைத்துவிட்டார்.

ஜீப் கூப்பிடட்டுமா என்று மகள் கேட்டபோது, கையால் தடுத்துவிட்டு விரல் மடக்கி எண்ணிக்கொண்டே இருந்தாராம். என் பேச்சை நம்பி அவர் எண்ணிய அந்த எண்ணிக்கைதான் அவரிடமிருந்து எனக்கு மிச்சம். அம்மா ஏன் எண்ணினார் என்று அந்தப் பெண் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இதைப் படித்துத்தான் அவளுக்குத் தெரியப்போகிறது.