தம்பிக்காக மாமா சொன்ன பொய்

எங்கள் மாமா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. என் கணவரின் தந்தை. பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நியூஜெர்சியில் எங்களோடு முப்பது ஆண்டுகள் வாழ்ந்து, நூறை நெருங்கும் வயதில் காலமானார். நம் வழக்கப்படி அவருக்கும் ஒரு நினைவு மலர் அச்சிடலாமா என்று கேட்டேன். "அப்பாவுக்குப் பிடிக்கும், நீயே எழுது" என்றார் கணவர்.

நாஜிகள் ஜாஸ் இசையை வெறுத்தார்கள். யூதர்கள் மேடையேறவே தடை. மாமா நண்பர்களோடு ஒரு நிலவறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிளாரினெட் வாசித்தார். பதினெட்டு வயதில் அவரையும் அவர் தம்பியான எங்கள் சின்ன மாமாவையும் பிடித்து, ரயிலில் அடைத்து முகாமுக்கு அனுப்பினார்கள்.

இறங்கியதும் வரிசை. இடப்பக்கம் போகிறவர்கள் திரும்புவதில்லை என்று ஒரு கைதி முணுமுணுத்தார். சின்ன மாமாவுக்கோ காய்ச்சல், நிற்கவே முடியவில்லை.

"இசை தெரிந்தவன் எவனாவது உண்டா?" என்று ஓர் அதிகாரி கத்தினார்.

மாமா முன்னே வந்தார். "நான் கிளாரினெட். இவன் என் தம்பி, டிரம்மர்."

சின்ன மாமா டிரம் குச்சியைத் தொட்டதே கிடையாது.

கருவிகள் வந்தன. அதிகாரி கேட்ட பாட்டு மாமாவுக்குத் தெரியாது. "முதல் வரியை மட்டும் பாடிக் காட்டுங்கள்" என்றார் மாமா. அதிகாரி பாடினார். தம்பியிடம் மெல்ல, "என் காலையே பார். நான் கால் தட்டும்போது நீ அடி."

இரண்டு நாளாகத் தண்ணீர் காணாத உதடு. முதலில் வெறும் காற்றுதான் வந்தது. இடப்பக்கம் காட்ட அதிகாரி கையைத் தூக்கினார். அதற்குள் கிளாரினெட் ஒலித்துவிட்டது. கேட்ட அந்த ஒரு வரியையே, ஜாஸில் பழகியபடி, மாற்றி மாற்றி ஐந்து நிமிடம் வாசித்தார். இருவரையும் வலப்பக்கம் போகச் சொன்னார்கள்.

போர் முடியும்வரை காவலர்களின் விருந்துகளில் வாசித்தே இருவரும் உயிர் பிழைத்தார்கள். சின்ன மாமா பிற்பாடு டெக்சாஸில் குடியேறி, பேரன் பேத்திகளைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

கடைசி வாரம், மருத்துவமனையில் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, மாமா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்களுக்குப் பின்னால் ஒருவர் நின்றார். 'ஐயா, நான் டிரம்மர்' என்றார். உண்மையான டிரம்மர். 'ஆள் கிடைத்தாயிற்று' என்று அவரை இடப்பக்கம் அனுப்பினார்கள்."

"உங்க தம்பியைத்தானே மாமா காப்பாத்தினீங்க?"

"மறுபடி அங்கே நின்றாலும் அதையேதான் சொல்வேன். அதுதான் என்னை இத்தனை வருஷம் தூங்கவிடவில்லை."

மூன்றாம் நாள் மாமா கண்மூடினார்.

அவரைத் தூக்கி, துடைத்து, பரிவோடு பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், பனியில் கார் ஓட்டிவந்து உடனிருந்த நண்பர்களுக்கும், பக்கத்து ஊரான ஐசலினிலிருந்து தினமும் சாப்பாடு அனுப்பிய உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த மலரின் அட்டையில் மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. அச்சகத்தில் இரண்டு முறை கேட்டார்கள்; அப்படியே விடச் சொன்னோம். அது அந்த டிரம்மருக்கு. அவர் பெயரை மாமா கடைசிவரை அறியவில்லை.