புத்தூரில் ஒரு பிரதமர் சண்டை

ஆந்திர எல்லையோரப் புத்தூர் பஸ் ஸ்டாண்டில் நகரி பஸ்ஸுக்காக ஒரு மணி நேரமாகக் காத்திருக்கிறேன். மூன்று நாள் அலைச்சலில் கண் எரிகிறது. பெஞ்சில் என் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேர், நாட்டின் முதல் பிரதமராக வேறு யார் வந்திருக்கலாம் என்று தமிழும் தெலுங்குமாகச் சண்டை போடுகிறார்கள். கறாரான ஆள் வந்திருக்க வேண்டும் என்கிறார் வெள்ளைச் சட்டைக்காரர். மற்றவருக்குத் தெற்கத்தி ஆள் வேண்டும். அப்படி வந்திருந்தால் இந்த ஊர்களெல்லாம் தமிழ்நாட்டோடு போயிருக்குமாம்.

ஃபைலோடு நிற்கும் ஒரு அம்மாவிடம், "நீங்க யாரைச் சொல்றீங்க?" என்று கேட்கிறேன்.

"எவரு வந்திருந்தாலும் கோடு போட்டுத்தான் இருப்பாங்க சார்," என்கிறார். அவர் நகரிக்காரர். மகள் திருத்தணியில் படித்ததால், காலேஜில் சேர்க்கும்போது இங்கே வெளியூர்க்காரி என்கிறார்களாம். அங்கே போனால் ஆந்திராக்காரி என்கிறார்களாம். "நாலு வாட்டி திருப்பதிக்கு அலைஞ்சிக்கினு இருந்தேன். இன்னிக்குதான் உள்ளூர்க்காரின்னு சர்டிபிகேட் குடுத்தாங்க. தெலுங்கு பேசுவேன், படிக்க வராது."

வெள்ளைச் சட்டைக்காரர் அந்தத் தாளை வாங்கிப் படிக்கிறார். மறுபடியும் படிக்கிறார்.

"அம்மா, சர்டிபிகேட் குடுக்க முடியாதுன்னு எழுதிக்கிறாங்கம்மா."

நகரி பஸ் வந்து நிற்கிறது. அந்த அம்மா ஏறவில்லை. தாளை மடித்து ஃபைலில் வைத்துக்கொண்டு, திருப்பதி பஸ் நிற்கும் பக்கம் போகிறார். வெள்ளைச் சட்டைக்காரர் அவசரமாகச் செருப்பை மாட்டுகிறார். "இரும்மா, நானும் வரேன். நான் பேசறேன்."

நான் நகரி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்காருகிறேன். களைப்பாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.