சுவர்ப் பக்கத்து மதிப்பெண்

இடது கை ஸ்கேலை அழுத்திப் பிடித்திருக்க, வலது கை பென்சிலை மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் இழுத்தது. கோடு மயிரிழை கோணலாக விழுந்தது. கை அதை அழித்துவிட்டு மறுபடி இழுத்தது. அழித்த தூளை ஊதாமல் புறங்கையால் ஒதுக்கி மேசை ஓரத்தில் சேர்த்தது. பதினைந்து பிள்ளைகள், ஆளுக்கு மூன்று கட்டம். முதல் இரண்டு கட்டங்களிலும் எண்கள் ஏறிவிட்டன. மூன்றாவது, வரும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காலியாக இருந்தது.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரியை எல்லோரும் செக்கரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வாரத்தில் ஆறு நாள் சட்டை தைக்கும் ஆலையில் தையலைச் சோதிக்கிற வேலை. ட்யூப்லைட்டுக்குக் கீழே நின்றபடி, துணியை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, விட்டுப்போன தையல், நெளிந்த காலர், தொங்கும் நூல் என்று பார்த்துப் பார்த்துத் தள்ள வேண்டும். ஏழாவது நாள் கால்பந்து மைதானம். பதினொரு வருடமாகப் பிள்ளைகள் லீக்கில் யார் கோல் போட்டது, எந்த நிமிடத்தில் போட்டது என்று குறித்து வைப்பவள் அவள்தான். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு போன ஒரு நாள், குறிப்பவர் வராமல் போக, பென்சிலைக் கையில் வாங்கினாள். அண்ணன் மகன் வளர்ந்து, பந்தை மறந்து, வேலைக்கும் போய்விட்டான். பென்சில் மட்டும் அவளிடமே தங்கிவிட்டது.

இந்த வருடம் லீக்கில் புது விதிகள் வந்தன. இருபத்தெட்டுப் பக்கப் புத்தகம். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் ஆட்டத்தில் இனி கோல் கணக்கு கிடையாது. எந்தப் பிள்ளையும் பாதி ஆட்டத்துக்குக் குறையாமல் ஆட வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஆட்டத்தில் இரண்டு இடங்களிலாவது நின்று பழக வேண்டும். கோல் குறித்தவர்களுக்கு வேலை இல்லாமல் போனதால், அவர்களையே மதிப்பீட்டாளர்கள் ஆக்கிவிட்டார்கள். பருவத்துக்கு மூன்று ஆட்டம் பார்த்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்துக்கு எத்தனை என்று போட வேண்டும். மூன்றும் சேர்ந்து எட்டுக்குக் குறைந்தால், அந்தப் பிள்ளை மீதிப் பருவம் முழுக்கப் பயிற்சிக் குழுவில். பயிற்சிக் குழுவுக்கு ஆட்டம் கிடையாது.

"நாளெல்லாம் சட்டையில குறை கண்டுபிடிச்சிட்டு, வீட்டுக்கு வந்தும் அதே பொழைப்பா?" என்றார் வீட்டுக்காரர். கடையில் கழற்றிப் போட்ட மோட்டார் பாகங்களின் எண்ணெய் இன்னும் அவர் நகத்தில் இருந்தது. "எனக்கு எத்தனை போட்டிருக்க?"

"உங்களுக்குக் கட்டமே போடல."

"பெயில்னு சொல்லாம சொல்ற."

நின்று நின்று வீங்கிய காலை எதிர் நாற்காலியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பேருக்குத்தான் குறைவு. ஐந்தாம் எண்ணுக்கும் ஒன்பதாம் எண்ணுக்கும் இரண்டு, மூன்று. பதினான்காம் எண் பெண்ணுக்கு இரண்டு, இரண்டு. மற்ற பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட மூன்றுக்குக் கீழே இல்லை.

ஆலையில் ஒரே மேசையிலிருந்து குறையாகவே வந்தால், அவள் தையல்காரியைத் திட்டுவதற்கு முன் அந்த மேசைக்கு மேலே எரியும் விளக்கைப் போய்ப் பார்ப்பாள். அந்தப் பழக்கம் இப்போதும் விடவில்லை. இரண்டு ஆட்டத் தாள்களையும் எடுத்துப் பிரித்து, யார் எந்தப் பாதியில் எங்கே நின்றார்கள் என்று பார்த்தாள். பதினான்கு, முதல் பாதியில் பின்வரிசை இடது. மறு பாதியில் பின்வரிசை வலது. இரண்டு ஆட்டத்திலும் அப்படியே.

தையல் டப்பாவிலிருந்து நான்கைந்து பொத்தான்களை எடுத்து, ஒரு தட்டில் பரப்பி வைத்தாள். தட்டின் இந்த விளிம்பு மைதானத்துத் தகரக் கொட்டகை. நிழல், தண்ணீர்க் கேன், பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர், அவளுடைய நாற்காலி எல்லாம் இங்கே. அந்த விளிம்பு மதில் சுவர். இடது பக்கம் நின்ற பதினான்கு சுவரோரம் இருந்தாள். பாதி ஆட்டம் முடிந்ததும் அணிகள் பக்கம் மாறும். தட்டைத் திருப்பினாள். சுவரோரம் இருந்த பொத்தான் கொட்டகைப் பக்கம் வந்தது. சரிதான். ஆனால் இரண்டு இடத்தில் ஆட வேண்டும் என்ற புது விதிக்காக, மாஸ்டர் இடது வரிசையையும் வலது வரிசையையும் அதே நேரத்தில் மாற்றிப் போடுகிறார். பொத்தானை வலது பக்கம் நகர்த்தினாள். அது மறுபடியும் சுவரோரத்திலேயே போய் நின்றது. ஐந்தும் ஒன்பதும்கூட அப்படித்தான்.

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து சுவர் நூற்றைம்பதடிக்கு மேல். காலை வெயில் அதில் பட்டுக் கண்ணைக் கூசும். ஆறு நாள் ஒரு சாண் தூரத்தையே பார்த்துப் பழகிய கண் அது. அங்கே ஓடியது ஒரு சிவப்புப் பனியன் என்பதற்கு மேல் அவளுக்கு என்ன தெரிந்தது? தெரியாததையெல்லாம் 'செய்யவில்லை' என்று எழுதி வைத்திருக்கிறாள்.

"என்ன, பொத்தான்ல சொக்கட்டான் ஆடறியா?" என்றார் வீட்டுக்காரர்.

"தப்புப் பண்ணிட்டேங்க."

அவர் கிண்டலை அங்கேயே நிறுத்திவிட்டு, ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கொட்டகையிலிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் குறுக்கே நடக்க ஆரம்பித்தாள். பிள்ளைகளுக்குப் பனியன் கொடுத்துக்கொண்டிருந்த மாஸ்டர் பின்னாலேயே ஓடிவந்தார். அவர் வாரத்தில் எலக்ட்ரீஷியன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாஸ்டர்.

"என்னக்கா, வீடு மாத்தறீங்களா? எங்க மேல கோபமா?"

"அந்தப் பக்கம் உட்காரப் போறேன்."

"வெயில் வறுத்து எடுத்துடும்."

"வறுக்கட்டும். பதினாலை ஏன் தம்பி எப்பவும் சுவர்ப் பக்கமே விடறீங்க?"

"எப்பவுமா? இல்லையே. பாதியில இடம் மாத்தறேனே, விதிப்படி…" மாஸ்டர் கையை நீட்டி, சுவர், பக்கம் மாறினால் கொட்டகை, இடம் மாற்றினால் மறுபடி சுவர் என்று காற்றில் கோடு போட்டுப் பார்த்தார். பாதியில் கை நின்றுவிட்டது. "அடடே."

"நானும் ரெண்டு ஆட்டமா பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். எனக்கும் உறைக்கல."

"வேணும்னு செய்யலக்கா. மூணு பேர் இருக்கானுங்க, நான் காதுகிட்ட கத்தலைன்னா பந்தை விட்டுட்டுக் காக்காயை வேடிக்கை பார்ப்பானுங்க. அவனுங்க கொட்டகைப் பக்கம் இருந்தாதான் எனக்குத் தொண்டை எட்டும். பதினாலுக்கு நான் ஒண்ணுமே சொல்ல வேண்டாம். அதான் கண்ணுக்குத் தூரமா விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு அவரே நாற்காலியை அவள் கையிலிருந்து வாங்கிச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தார்.

அங்கே ஏற்கனவே ஒரு பெண் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். பதினான்கின் அம்மா. செக்கரம்மாவுக்கு அவளையும் இதற்கு முன் பார்த்ததாக நினைவில்லை.

"உட்கார்ந்தா வெயில் நேரா முகத்துல அடிக்கும். இந்தத் துண்டைத் தலையில போட்டுக்கோங்கம்மா."

"நீங்க வாராவாரம் இங்கேதான் நிப்பீங்களா?"

"எம்பொண்ணு இங்கதானே ஓடறா." குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "இந்த ஆட்டத்தோட அவளை நிறுத்திடுவாங்கன்னு பேசிக்கறாங்களே, நிஜமா?"

"இன்னும் ஒண்ணும் முடிவாகல."

"பள்ளிக்கூடத்துக்கு நாலு தடவை உலுக்கணும். ஞாயித்துக்கிழமைன்னா விடியறதுக்குள்ள சாக்ஸைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. வேற எதுக்கும் அவ தானா எழுந்து நான் பார்த்ததில்ல. அதனாலதான் கேட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க."

ரெஃபரி விசில் ஊதினார். முதல் பாதியைச் சுவர்ப் பக்கம் பார்ப்பது, மறு பாதியைக் கொட்டகையில் பார்ப்பது என்று செக்கரம்மா முடிவு செய்திருந்தாள். இல்லாவிட்டால் இன்றைக்குக் கொட்டகைப் பக்கத்துப் பிள்ளைகள் அதே பள்ளத்தில் விழுவார்கள்.

பக்கத்திலிருந்து பார்த்தபோது பதினான்கு ஒல்லியான, வியர்த்து வழிகிற, உதட்டைக் கடித்துக்கொண்டே ஓடுகிற பெண். அவளிடம் பந்து வருவதே குறைவு. ஏன் வருவதில்லை என்று பத்து நிமிடத்தில் புரிந்தது. பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே அவள் முன்கூட்டியே போய் நின்றுவிடுகிறாள். எதிரணிப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்கிறார்கள், வழி அடைத்திருக்கிறது, வேறு பக்கம் அனுப்பிவிடுகிறார்கள். நடுவில் நிற்கும் பையனிடம் "பின்னாடி, பின்னாடி" என்று மெதுவாகச் சொல்கிறாள், ஏதோ வகுப்பில் விடை சொல்லிக்கொடுப்பதுபோல. கொட்டகைக்கு இது ஒன்றும் கேட்டிருக்காது.

ஆனால் பந்து காலுக்கு வந்துவிட்டால் கதை வேறு. இடது காலால் நிறுத்தத் தெரியவில்லை. கொடுத்த பாஸில் பாதி எதிரணிக்குப் போனது. ஒரு தடவை பந்தையே மிதித்து உருண்டு விழுந்தாள். அம்மா சுவரோரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மறு பாதிக்கு மாஸ்டர் நாற்காலியைத் தூக்கிவர, செக்கரம்மா கொட்டகைக்கு நடந்தாள். இரண்டு முழங்காலும் தனித்தனியாக வலித்தன. ஆட்டம் முடிந்து பிள்ளைகள் தண்ணீர்க் கேனை மொய்த்தபோது, அவள் அட்டையில் தாளை வைத்துக் கட்டங்களை நிரப்பினாள். ஐந்தாம் எண்ணுக்கு மூன்று, கூட்டினால் எட்டு. ஒன்பதுக்கும் அதேதான். பதினான்குக்குப் பந்தை அடக்குவதில் இரண்டு, பாஸில் இரண்டு, இடம் அறிந்து நிற்பதில் ஐந்து, சேர்ந்து ஆடுவதில் மூன்று. கூட்டி நான்கால் வகுத்தாள். மூன்று. முன்பு போட்ட இரண்டையும் இரண்டையும் சேர்த்தால் ஏழு.

மாஸ்டர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டார். "ஒண்ணே ஒண்ணுதானேக்கா. நாலு போட்டா எட்டு. முடிஞ்சுது."

"இடது காலால ஒரு பந்தை நிறுத்தத் தெரியல. நாலு எப்படிப் போடறது?"

"அன்னிக்குக் குறைச்சதை இன்னிக்குக் கூட்டறீங்க. சரியாப் பார்த்திருந்தா மூணு மூணா ஒன்பது வந்திருக்கும் அவளுக்கு. யாருக்கு என்ன நஷ்டம்?"

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. பென்சில் முனை கட்டத்துக்கு மேலே நின்றது. நான்கு என்று போட்டால் அந்தப் பெண் ஆடுவாள். யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். செக்கரம்மா அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் இங்கே வந்து உட்காரலாம்.

"நாலு போட்டா முன்னாடி போட்ட ரெண்டும் சரின்னு ஆயிடும் தம்பி," என்றாள். "அடுத்த பருவம் வேற ஒரு மாஸ்டர் வருவார், வேற ஒரு பிள்ளையைச் சுவரோரம் விடுவார். என்னை மாதிரி ஒருத்தி இதே நிழல்ல உட்கார்ந்து ரெண்டு போடுவா."

"அப்ப இவ?"

"பதினோராம் விதி இருக்கு."

அவர் அதைப் படித்திருக்கவில்லை. அவள் படித்திருந்தாள், இரண்டு தடவை. மதிப்பீட்டாளர் தன் பிழையைத் தானே எழுதிக் கொடுத்தால், அந்த மதிப்பெண்கள் ரத்தாகும். வேறொருவர் வந்து மறுபடி பார்க்கும்வரை பிள்ளை வழக்கம்போல் ஆடலாம். பிழை செய்த மதிப்பீட்டாளருக்கு இந்தப் பருவமும் அடுத்த பருவமும் இடம் கிடையாது. கோல் குறிக்கிற வேலையும் இப்போது இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் வீட்டிலிருந்தால் கால் வீக்கமாவது வடியும் என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போதே அது ருசிக்கவில்லை. ஆலையில் அவள் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, மணியடித்துத்தான் கூப்பிடுவார்கள். இங்கே வாசலில் நுழைந்தால் நாற்பது பிள்ளைகளாவது கையசைக்கும்.

கட்டத்தில் மூன்று என்று எழுதினாள். தாளைத் திருப்பி, பின்பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கோட்டின் மேல் எழுதினாள். முதல் இரண்டு ஆட்டங்களிலும் கொட்டகையைவிட்டு நகரவில்லை என்பது. சுவர்ப் பக்கம் ஆடிய மூவரும் தன் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்பது. அவர்களுக்குப் போட்ட மதிப்பெண்கள் அவர்களுடைய குறை அல்ல, தன்னுடைய குறை என்பது. இனி எந்த மதிப்பீட்டாளரும் பாதி ஆட்டத்தை எதிர்ப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று கடைசியாக ஒரு வரி. அவள் கேட்காமலேயே மாஸ்டர் பென்சிலை வாங்கி, "இடம் மாற்றியது நான்" என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருடைய கோழிக் கிறுக்கல் அவள் கோட்டைத் தாண்டி ஓடியது. அவள் அதை அழிக்கவில்லை.

லீக் அலுவலகம் மைதான வாசலை ஒட்டிய ஒற்றை அறை. செயலாளர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ரப்பர் ஸ்டாம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாளின் முன்பக்கத்தை அவள் காட்டினாள், பிறகு பின்பக்கத்தை. அவர் கண்ணாடியை இறக்கிப் படித்தார்.

"இதை நான் உள்ளே வாங்கிட்டேன்னா முதல்ல உங்க பேரைத்தான் அடிப்பாங்க. பதினோராம் விதி, தெரியுமா?"

"படிச்சேன் சார்."

"இருபத்தெட்டுப் பக்கத்தையும் படிச்ச ஒரே ஆள் நீங்கதான். உங்களையே வெளியே அனுப்பச் சொல்றீங்க." அவர் பெருமூச்சு விட்டார். "நேத்து மட்டும் நாலு அப்பாக்கள் வந்து சண்டை போட்டுட்டுப் போனாங்க. இது வெளியே தெரிஞ்சா எல்லாத் தாளையும் மறுபடி பாருன்னு கிளம்புவாங்க. ஒரு நாலைப் போட்டுக் கொண்டாங்களேன். நான் பார்க்கவே இல்லைன்னு வெச்சுக்கறேன்."

"பார்க்காம போட்டதுலதான் சார் இவ்வளவும் வந்துச்சு."

ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் ஷூவைத் தட்டி மண்ணை உதிர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பொண்ணு அடுத்த வாரம் ஆடலாம்தானே?" என்று கேட்டாள்.

"விதிப்படி ஆடலாம்."

"அப்ப சரி."

மேசையில் தேதி போட்டு அடுக்கிய தாள்கள் குவிந்திருந்தன. அவற்றின்மேல் வைத்தால் எங்காவது நடுவில் போய்ச் செருகிக்கொள்ளும் என்று அவளுக்குத் தோன்றியது. பிழையை எழுதிய பக்கம் மேலே இருக்கும்படி தாளைத் திருப்பி, அவருக்கு நேராகப் பிடித்து நீட்டினாள். அவர் ஸ்டாம்பைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். அவர் விரல்கள் தாளை முழுதாகப் பிடித்த பிறகுதான் அவள் விட்டாள்.