பனம்பழம் விழுந்த இடம்

பனம்பழ வாசம் எங்கிருந்து வந்தாலும், பள்ளிக்கூட மைதானத்து மணலில் போட்ட ஒரு சுண்ணாம்புக் கோடுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். எட்டாம் வகுப்பில் விஞ்ஞானம் படிப்பித்த ரீச்சர், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிளில் வேகமாக வந்து, கோட்டுக்கு நேரே வந்ததும் கையிலிருந்த பழத்தை விட்டார். கோட்டிலேயே விழும் என்று அடித்துச் சொல்லியிருந்த எங்கள் எல்லோர் முகத்திலும் கரியைப் பூசிவிட்டு, அது நாலைந்து முழம் தள்ளி விழுந்து வெடித்தது.

"கை விட்டாலும் ஓட்டம் விடாது, பிள்ளையள்," என்றார் ரீச்சர்.

என் பக்கத்தில் நின்ற வசந்தி மட்டும் பழத்தைப் பார்க்கவில்லை, குண்டு விமானங்கள் வந்துபோகும் வானத்தைப் பார்த்தாள். "அப்ப பொம்மர் போடுறதும் உப்பிடித்தானோ, ரீச்சர்?"

ரீச்சர் "ஓம்" என்று தலையாட்டினார்.

பண்டத்தரிப்பில் வெங்காயத் தோட்டம் செய்த வசந்தியின் ஐயாவுக்குத் "தொய்வு" இருந்தது. விமானச் சத்தம் கேட்டு எல்லோரும் மண்ணுக்குள் வெட்டிய "பங்கருக்குள்" இறங்கும்போது, அந்தப் புழுக்கத்தில் அவர் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்துப் பார்த்து நொந்துபோயிருந்தவள், அன்று மாலையே ஓடிப்போய், "ஐயா, தலைக்கு மேலை வந்து போட்டால் அது எங்களுக்கில்லை, தள்ளித்தான் விழும்" என்று சொல்லிக்கொடுத்தாள். அவரோ அதை "என்ரை மகளின்ரை விதி" என்று கிணற்றடியில் ஊருக்கெல்லாம் சொல்லித் திரிய, நாங்கள் அவளுக்கு "விதி" என்றே பட்டம் வைத்தோம். பிறகு ஒரு நாள் பொம்மர் அவர் தலைக்கு மேலேயே குண்டைக் கழற்றியது. அவர் வரம்பில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். குண்டு அடுத்த ஊரில் விழுந்தது. அடுத்த ஊரை நினைத்து அன்று எங்களில் ஒருவரும் அழவில்லை, விதி பலித்தது என்றுதான் மகிழ்ந்தோம்.

அதற்குப் பிறகு வந்தது ஹெலிகொப்டர், எங்கள் வாயில் ஹெலி. வசந்தியின் அம்மா பங்கர் வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறார். "நீ உள்ளுக்கை போ. தலைக்கு மேலைதானே நிக்குது" என்றாராம் ஐயா.

எங்கள் பேச்சில் பஸ்ஸும் நிக்கும், வயலில் வெள்ளமும் நிக்கும், வானத்தில் பறந்துகொண்டிருப்பதும் நிக்கும். அந்தச் சொல்லை அவர் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் ஹெலி உண்மையாகவே நின்றது. ஓட்டமில்லாமல் நின்ற இடத்திலிருந்து ஒரு பீப்பாய்க் குண்டைத் தள்ளிவிட்டார்கள்.

ஐயாவின் செத்தவீட்டில் பெரியவர்கள் "அவரின்ரை விதி, ஆர் என்ன செய்யிறது" என்று சொல்லும்போதெல்லாம், கூப்பிட்ட பிள்ளை மாதிரி வசந்தி நிமிர்ந்து பார்த்தாள். கொன்றவர்கள் வானத்தில் வந்து போய்விட்டார்கள், பழியை இந்தப் பிள்ளை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து பள்ளிக்கு வந்தவள், விஞ்ஞான பாடத்தில் எழுந்து நின்றாள்.

"நிக்கிற ஹெலியிலையிருந்து விட்டால் எங்கை விழும், ரீச்சர்?"

நாங்கள் எல்லோரும் குனிந்துகொண்டோம். ரீச்சர் வெண்கட்டியை மேசையில் வைத்துவிட்டு அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்.

தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தது. ரீச்சர் எங்கே போனாரோ, இன்றுவரை தெரியாது. அந்த மைதானத்தில் இப்போது பற்றை மண்டிக் கிடக்கிறது. விமானம் போனால் எங்கள் ஒழுங்கையின் வீடுகளிலிருந்து பிள்ளைகள் வெளியே ஓடிவந்து கை காட்டுகிறார்கள்.

போன கிழமை நோர்வேயிலிருந்து வசந்தி என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். மகளுக்குப் பரீட்சையாம், பறக்கும் விமானத்திலிருந்து விடும் பொதி எங்கே விழும் என்று கேள்வியாம். "நீ சொல்லிக்குடு. எனக்கு ஏலாது" என்று சொல்லிப் பிள்ளையிடம் தொலைபேசியைக் கொடுத்தாள். நான் சைக்கிளையும் பனம்பழத்தையும் சொல்லி விளங்கப்படுத்தினேன். கெட்டிக்காரப் பிள்ளை, உடனே பிடித்துக்கொண்டாள்.

"அப்ப பிளேன் ஓடாமல் நிண்டால், அன்ரி?"

"நேரே கீழை விழும், பிள்ளை," என்றேன்.

"கேட்டாய்தானே, எழுது" என்று பக்கத்தில் நின்ற வசந்தி மகளிடம் சொல்வது கேட்டது.