சாரலை மென்ற பல்

உறக்கத்தில் பல்லைக் கடிப்பவன் நான். இதை என் காதால் ஒருநாளும் கேட்டதில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். கொல்லத்தில் ஓட்டுச் சூளையில் மண் மிதித்தேன், புனலூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் கிடந்தேன், மதுரையில் ஒரு காப்பி கிளப்பின் பின்கட்டில் அரிசி ஆட்டினேன். வேலை செய்கிற என்னை எல்லா இடத்திலும் பிடித்திருந்தது. தூங்குகிற என்னைத்தான் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. கல்லைக் கல்லால் அரைப்பது போல இருக்கிறது, வேறு இடம் பார் என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட்டார்கள். நானும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு ஓரிடத்தில் ஒட்டிக் கிடக்கிற வழக்கமும் இல்லை.

அவர்களுக்குத் தூக்கம் போயிற்று. எனக்கு வாயே போயிற்று. அதை யாரும் கேட்கவில்லை. காலையில் எழுந்தால் இரண்டு கன்னமும் ராத்திரி முழுக்க அடி வாங்கினது போல இருக்கும். நெற்றிப்பொட்டு தெறிக்கும். வாயைத் திறந்தால் காதோரம் சடக்கென்று எலும்பு நகரும். சோற்றை உருட்டி வாய்க்குள் தள்ளும் அளவுக்குத் தாடை விரியாது. நடுப்பகல் வரை கஞ்சியை உறிஞ்சியே காலம் தள்ளுவேன்.

யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்தி, ஆனி மாதம், செங்கோட்டை வழியாகக் குற்றாலம் போய்ச் சேர்ந்தேன். சீசன் தொடங்கியிருந்தது. சாரல் விழுந்தால் பணக்காரர்கள் வருவார்கள். அருவியில் நிற்பதற்கு முன்னால் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, அடித்து, பிசைந்துவிட ஆள் வேண்டும். மண் பிசைந்து, ஆட்டுக்கல்லும் சுற்றின கை என்பதால் எனக்கு அந்த வேலை சுலபமாக வந்தது.

ஆனால் எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய அருவியில் நின்றுவிட முடியாது. அங்கே ஒவ்வொரு பாறையும் ஒரு கூட்டத்துக்குச் சொந்தம். நான் போய்ச் சேர்ந்த பாறை ஒரு அண்ணாச்சிக்கு. தொப்பையும் வெற்றிலை வாயுமாக, தான் தேய்த்தால்தான் அருவியே விழும் என்கிற மாதிரி நடப்பார். அவரோடு கடையத்துக்காரன் ஒருவனும் அவனுடைய மச்சினனும் இருந்தார்கள். சத்திரத்துக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை. ஒரே பானையில் பொங்கி ஒரே கொட்டகையில் படுக்கிறவன்தான் அந்தப் பாறையில் நிற்கலாம். கொட்டகையில் படுக்கை போனால் பாறையும் போயிற்று, அந்த வருஷத்துப் பிழைப்பும் போயிற்று. ஆகவே என் பிழைப்பு முழுவதும் நான் எப்படித் தூங்குகிறேன் என்பதில் தொங்கியது. இதைவிடக் கோணலான உத்தியோகம் எனக்கு வாய்த்ததில்லை.

முதலில் சாரல் நன்றாக இருந்தது. அருவி இரைச்சலில் என் பல் யாருக்கும் பெரிதாகப் படவில்லை. பிறகு மேல்காற்று ஓய்ந்து வெயில் அடிக்கத் தொடங்கியது. மலை உச்சி துடைத்துவிட்டது போலத் தெரிந்தது. அருவி மெலிந்து, குரங்குகள் குளிக்கிற அளவுக்கு வந்தது. வந்திருந்தவர்கள் வண்டி பிடித்துத் தென்காசி ஸ்டேஷனுக்குத் திரும்பினார்கள். இரைச்சல் அடங்கியதும் கொட்டகையில் என் பல் கேட்கத் தொடங்கிவிட்டது.

பல் கடிக்கிறவன் இருக்கிற வீடு உருப்படாது என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. தூங்குகிற பிள்ளையின் வாயில் உப்பைப் போடுகிற தாய்மார்களை நானே பார்த்திருக்கிறேன். எண்ணெய்க்காரர்களுக்கு வீடு இல்லை, அருவிதான் வீடு. ஒருநாள் காலை, பாறையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது கடையத்துக்காரன் ஆரம்பித்தான்.

“அண்ணாச்சி, இவன் வந்த பொறவுதான் மேகம் கலையுது. ராத்திரி பூராவும் நறநறன்னு மேகத்தை மெல்லுதான்.”

நான் வந்த அன்றைக்கே மழை பெய்ததே, அதை யார் மெல்லாமல் விட்டது என்று கேட்டேன்.

“அன்னைக்கு அசதியில சும்மா கிடந்திருப்ப” என்றான் மச்சினன்.

அண்ணாச்சி வெற்றிலையைக் குதப்பியபடி மலையைப் பார்த்தார், பிறகு என் வாயைப் பார்த்தார். அதோடு வழக்கு முடிந்தது. சாரல் வராததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. அதற்கு மருந்து கொடுப்பதுதான் பாக்கி.

முதலில் வயிற்றில் பூச்சி என்றார்கள். வேப்பெண்ணெய் குடித்தேன். பூச்சி இருந்ததோ இல்லையோ, ஒரு நாள் முழுக்க ஆற்றங்கரைப் புதரை விட்டு நான் நகரவில்லை. அன்றிரவும் கடித்தேனாம். அடுத்தது அருவி வைத்தியம். குற்றாலத்துக்குப் பைத்தியம் பிடித்தவர்களைக் கூட்டிவந்து அருவியில் நிறுத்துவது வழக்கம். உச்சந்தலையில் தண்ணீர் அடித்தால் புத்தி திரும்பும் என்று நம்பிக்கை. திரும்பிப் போனவர்களில் புத்தி திரும்பினவர் எவரையும் நான் பார்க்கவில்லை. ஆனாலும் வருஷா வருஷம் சங்கிலியோடு கூட்டிவருகிறார்கள். அந்த வரிசையில் என்னையும் நிறுத்தினார்கள். மெலிந்திருந்தாலும் அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் தலையில் இடிக்க இடிக்கப் பல்லை இறுகக் கடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. பல் கடிப்பதை நிறுத்துவதற்காகப் பகலெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என் பக்கத்தில் நின்ற பைத்தியக்காரன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

மூன்றாவதாகத் தென்காசி தர்மாஸ்பத்திரி. அங்கே புண்ணுக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸர், எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்டார். பல் வலிக்கவில்லை, தாடைதான் வலிக்கிறது, ராத்திரி கடிக்கிறேன் என்றேன். அவர் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை போலும். மறுபடியும் எந்தப் பல் என்றார். கையை வைத்து ஏதோ ஒரு பக்கம் காட்டினேன். குறடு கையில் இருந்தது, பிடுங்கிவிட்டார். நல்ல பல். இரும்பு மாதிரி இருந்ததே, ஏன் வலித்தது என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அவரே ஆச்சரியப்பட்டார். வீங்கின கன்னத்தோடு கொட்டகைக்குத் திரும்பினேன். மீதிப் பற்கள் தம் வேலையை விட்டுக் கொடுக்கவில்லை.

“நீ தென்காசியில போய் இருலே. சாரல் வந்தா சொல்லி அனுப்புதேன்” என்றார் அண்ணாச்சி.

விரட்டுவதைக்கூட அவர் விருந்துக்கு அழைப்பது போலத்தான் சொல்வார். போனேன். ஸ்டேஷனில் கூலிக்கு மூட்டை இறக்கினேன். இடி விழுந்து பிளந்து கிடந்த கோயில் கோபுரத்தடியில் காற்று ஆளைத் தள்ளும். அங்கே போர்டர்களோடு படுத்துக்கொண்டேன்.

அங்கேதான் ஒன்று கவனித்தேன். மூட்டையைத் தூக்கும்போது பல்லைக் கடிக்கிறேன். இறக்கும்போதும் கடிக்கிறேன். ஒன்றும் செய்யாமல் ரயிலுக்குக் காத்து நிற்கும்போதும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. கன்னத்தில் கை வைத்துக் கடித்துப் பார்த்தேன். தாடை மூலையில் ஒரு சதை எலுமிச்சம்பழம் போல உருண்டு எழுந்தது. எத்தனையோ பேருடைய கெண்டைக்காலில் இதே உருண்டையைப் பிசைந்து கரைத்திருக்கிறேன். என் முகத்திலும் இருப்பது அதே சதைதான் என்று எனக்குத் தோன்ற இவ்வளவு காலம் ஆயிற்று. வேப்பெண்ணெய் குடித்தவனுக்கு அது எப்படித் தோன்றும்?

நல்லெண்ணெயைச் சூடுபண்ணி, கன்ன எலும்பின் கீழிருந்து தாடை மூலை வரை கட்டைவிரலால் மெல்ல இழுத்துத் தேய்த்தேன். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுத்தேன். முறுக்கையும் கரும்பையும் விட்டேன்; வாங்கித்தர ஆளும் இல்லை. பகலில் உதட்டை மூடி, பல்லை ஒட்டவிடாமல் வைத்துக்கொள்ளப் பழகினேன். மறந்துபோகும், நினைவு வந்ததும் தாடையைத் தளர்த்திவிடுவேன். இதனால் ராத்திரிக் கடி நிற்கவில்லை. ஆனால் காலையில் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது.

ராத்திரிக்கு வேறு வழி தேடினேன். துணியைச் சுருட்டி வைத்தேன்; கடித்துக் கிழித்துவிட்டேன். தோல் வார் வைத்தேன். அந்த நாற்றத்தில் தூக்கமே வரவில்லை. கடைசியில் ராவுத்தர் ஒருவரின் வாடகை சைக்கிள் கடையில் பழைய ட்யூப் ஒரு துண்டு கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன்.

“பஞ்சர் ஒட்டக் கேப்பாவ, குருவி அடிக்கக் கவட்டைக்குக் கேப்பாவ. கடிக்கக் கேட்டு வந்தது நீதான்” என்று சிரித்துவிட்டு, வெட்டிக் கொடுத்தார்.

அதைக் கொதிக்கவைத்து, மடித்து, கடைவாயில் வைத்து, விழுங்கிவிடாமல் நூலால் காதில் கட்டிக்கொண்டேன். அசிங்கமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இப்போது கல் அரைக்கிற சத்தம் இல்லை, மாடு அசைபோடுவது போல லேசாகத்தான் கேட்கிறது என்று போர்டர்கள் சொன்னார்கள். வலியும் பாதிக்கு மேல் விட்டது.

இதற்குள் குற்றாலத்தில் சாரல் திரும்பிவிட்டது. நான் கிளம்பின மறுநாளே மலையில் மேகம் கருக்கட்டியதாம். சொல்லி அனுப்புகிறேன் என்றவர் அனுப்பவில்லை. நானே நடந்து போய்ப் பாறையில் நின்று இடம் கேட்டேன். இனிச் சத்தம் வராது, வேண்டுமானால் ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள் என்றேன். அண்ணாச்சி ஒரு வக்கீலின் முதுகை அடித்துக்கொண்டே பேசினார்.

“கோவப்படாதலே. உன் பல்லு இங்கன இல்லாததுனாலதான் தண்ணி விழுது. கண்ணால பாக்கோம்லா.”

குப்புறப் படுத்திருந்த வக்கீல், படித்த மனிதர், “அதுவும் சரிதானே” என்றார். நான் திரும்பி நடந்தேன்.

அதற்குப் பிறகு மழை நிற்கவில்லை. சாரல் என்றால் பூந்தூறல். இது அது இல்லை. அருவி செம்மண் நிறத்தில், மரக்கட்டையும் கல்லும் உருட்டிக்கொண்டு விழுந்தது. பக்கத்தில் ஆளை விடவில்லை. பணக்காரர்கள் பங்களாக்களில் உட்கார்ந்து சீட்டாடினார்கள். எண்ணெய்க் கிண்ணங்கள் கொட்டகையில் கவிழ்ந்து கிடந்தன. தண்ணீர் இல்லாவிட்டாலும் பட்டினி, கூடினாலும் பட்டினி. அதுதான் அந்தத் தொழில்.

ஒரு சாயங்காலம், தென்காசியில் ராவுத்தரின் சைக்கிள் கடையில் நான் மழைக்கு ஒதுங்கியிருந்தபோது, ஒரே ஓலைக்குடையின் கீழ் அண்ணாச்சியும் கடையத்துக்காரனும் முன்னால் வந்து நின்றார்கள். தொப்பை குடைக்கு வெளியே நனைந்துகொண்டிருந்தது. என் உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி என்று அண்ணாச்சி விசாரித்தார். பிறகு என்னைத் தனியே ஓரமாகக் கூப்பிட்டார்.

“வாலே. கொட்டகையில வந்து உறங்கு.”

எதற்கு என்று கேட்டேன்.

“தண்ணி கொஞ்சம் குறையணும்.”

அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. கடையத்துக்காரன் பின்னாலிருந்து கவலையோடு எட்டிப் பார்த்தான்.

“ஒரேயடியா கடிச்சிராத. ஆளு நிக்கிற மாதிரி தண்ணி வேணும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பாறை வேண்டியிருந்தது. சீசன் முடிகிறவரை கொட்டகையில் எனக்குப் படுக்கை உண்டு, பாறையில் இடம் உண்டு என்று வாக்குக் கேட்டேன். அண்ணாச்சி அருவி இருக்கிற திசையில் கையை நீட்டிச் சத்தியம் செய்தார்.

கொட்டகையில் ஒழுகாத மூலையை எனக்கு ஒதுக்கினார்கள். பானையில் அடிச்சோறு வரை எனக்குத்தான். நன்றாகத் தூங்கு என்று மச்சினன் தன் போர்வையைக் கொடுத்தான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, மடியிலிருந்த ரப்பரைக் கையில் எடுத்தேன். இதை வைத்தால் சத்தம் வராது. சத்தம் வராவிட்டால் நாளைக்கு மறுபடியும் ஸ்டேஷன் மூட்டைதான். வைக்காவிட்டால், இவ்வளவு நாள் தேய்த்துத் திறந்த வாய் ஒரே ராத்திரியில் பூட்டிக்கொள்ளும். வானத்தை மெல்லுவதற்காக என் தாடையை இவர்களுக்கு வாடகைக்கு விட முடியாது என்று தோன்றியது. ரப்பரைக் கடைவாயில் வைத்து, நூலைக் காதில் மாட்டி, போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. ஆடி மாதத்து மழை எப்படியும் ஒருநாள் விடத்தான் செய்யும். எல்லோருக்கும் முன்னால் அண்ணாச்சி எழுந்து போய் அருவியைப் பார்த்துவிட்டு வந்தார். தண்ணீர் தெளிந்திருந்தது, மத்தியானத்துக்குள் ஆளை விட்டுவிடுவார்கள். ரப்பரை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன்.

“விடிய விடிய கேட்டுக்கிட்டே கிடந்தேன். நல்லாக் கடிச்சலே” என்றார்.

தன்னால் கண்ணை மூடவே முடியவில்லை என்றான் மச்சினன். தொடக்கத்தில் லேசாகத்தான் இருந்தது, நடுச்சாமத்துக்கு மேல்தான் பலமாகக் கேட்டது என்று கடையத்துக்காரன் விவரம் சொன்னான். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தலையை ஆட்டிக்கொண்டார்கள். நான் வாயைத் திறந்து பார்த்தேன். தடையில்லாமல் திறந்தது. அதைக் கொட்டாவி என்று நினைத்து, பாவம், ராத்திரி பூரா பாடுபட்டவன் என்றார் அண்ணாச்சி.

ஆவணி கடைசி வரை அங்கேயே இருந்தேன். தண்ணீர் கூடினால் சாயங்காலமே சோறு போட்டு என்னைப் படுக்கச் சொல்வார்கள். தண்ணீர் குறைந்தால் காப்பி வாங்கித் தந்து, தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே உட்காரவைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் பேசுகிறவர்கள் தூங்கிவிடுவார்கள். நான் ரப்பரை வாயில் வைத்துக்கொண்டு, கம்பத்தில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டேன்.