துப்பிய மாத்திரை

ஜெராக்ஸ் கடைக்காரி நிமோனியா வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாள் கிடந்து பிழைத்ததே பெரிய காரியம். ஆறாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். இரண்டு வார்த்தை பேசினாலே மூச்சு வாங்கியது. அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள் நாத்தனார்.

நாத்தனார் பத்து வருஷமாகத் தைராய்டு மாத்திரை போடுகிறவள். அதனாலேயே தான் பாதி டாக்டர் என்ற நினைப்பு. கட்டில் காலில் தொங்கிய பரிசோதனைத் தாள்களைப் புரட்டி, சிவப்பு வட்டம் போட்டிருந்த வரியில் விரல் வைத்தாள்.

"பாத்தியாடா தம்பி, தைராய்டு! கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்திருக்கும். மறைச்சு நம்ம தலையில கட்டிட்டாங்க."

கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். தம்பிக்காரன், அவள் கணவன், குனிந்து அந்த வரியைத் தானும் ஒரு தடவை படித்தான்.

பெண் மருத்துவர் வந்தபோது பொறுமையாகத்தான் சொன்னார். "இது தைராய்டு நோய் இல்லம்மா. உடம்பு பெரிய நோயோட மல்லுக்கட்டும்போது ரத்தத்துல தைராய்டு அளவு தானா இறங்கும். உடம்பு தேறினா தானா ஏறும். மாத்திரை எதுவும் வேண்டாம். ஆறு வாரம் கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுப்போம்."

மருத்துவர் தலை மறைந்ததும் நாத்தனார் உதட்டைச் சுழித்தாள். "நேத்து படிச்சு முடிச்ச பொண்ணு. இதுக்கு என்ன தெரியும்?"

கைப்பையைத் துழாவினாள். அடியில் கிடந்த அவளுடைய தைராய்டு மாத்திரை ஒன்று வெளியே வந்தது. அதில் ஒரு நரைமுடியும் பவுடர் தூளும் ஒட்டியிருந்தன. ஊதிவிட்டு, மறுக்கக்கூட முடியாமல் கிடந்தவளின் உதட்டைப் பிளந்து நாக்கில் வைத்து, வாயைப் பொத்தினாள்.

"முழுங்கு. உன் நல்லதுக்குத்தான்."

கசப்பு, கூடவே பவுடர் வாசனை, தொண்டையில் அந்த முடி. இருந்த தெம்பையெல்லாம் திரட்டித் தலையைத் திருப்பித் துப்பினாள். கரைந்தும் கரையாத மாத்திரை எச்சிலோடு நாத்தனாரின் சேலையில் விழுந்தது.

ஓடி வந்த நர்ஸ் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. "யாரைக் கேட்டு மாத்திரை குடுத்தீங்க? ஏற்கெனவே நாடி எகிறுது. இது இதயத்துக்கே ஆபத்தாப் போனா யார் பதில் சொல்றது?"

நாத்தனாரை வெளியே அனுப்பிவிட்டார்கள். கணவன் குனிந்து மெதுவாகச் சொன்னான். "அக்கா ஆசையாத்தானே குடுத்துச்சு..."

அக்காவைவிட அந்தப் பேச்சுதான் அவளுக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆறு வாரம் கழித்து எடுத்த பரிசோதனையில் எல்லா அளவும் சரியாக இருந்தது. அன்று மாலையே நாத்தனார் வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தாள்.

"இப்பவாவது ஒத்துக்கோ. என் மாத்திரைதான் உன்னக் காப்பாத்துச்சு."

"அண்ணி, நீங்க குடுத்ததே ஒண்ணு. அதையும் உங்க மேலயே துப்பிட்டேன்."

"துப்பினா என்ன? கொஞ்சமாவது உள்ள எறங்கியிருக்கும்ல."

கணவன் ஆமோதிப்பதுபோலத் தலையாட்டினான். அவளுக்குச் சிரிப்புகூட வரவில்லை. எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குத் தனக்கு மட்டும் ஒரே ஒரு தட்டு எடுத்து வைத்துச் சாப்பிட உட்கார்ந்தாள்.